எட்டாவது வீட்டுக் காபி

யாராவது காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்றுவரை வராது. வீட்டில் இதைக் கூச்ச சுபாவம் என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு வாயே கிடையாது என்பதுதான் நிஜம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பதிலுக்கு மேல் இன்னும் இரண்டு பேச்சுப் பேச வேண்டும். அதைவிடக் கொடுத்த டம்ளரை வாங்கிக் குடித்துவிடுவது சுலபம். இப்படியே அறுபத்தாறு வயது வரைக்கும் வந்துவிட்டேன்.

உடம்பில் தெம்பு இருந்தபோது இதனால் ஒரு கஷ்டமும் வரவில்லை. ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்கள் ஊரே கம்பெனி வேலைக்குப் போன காலம் அது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் பெரிய ட்ரம்மில் காபி வரும். மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனசு வராது. “யம்மா, நீ ஒரு டம்ளர் புடி” என்று சூப்பர்வைசர் நீட்டுவார். நானும் பிடிப்பேன். நைட் ஷிப்டில் நாலு டம்ளர் ஆகும், விடியும் நேரத்தில் இன்னும் இரண்டு. அதற்கப்புறம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் டிரைவர் வந்து எழுப்பினால்தான் இறங்குவேன். ஒரு நாள் அவர் எழுப்ப மறந்துவிட்டார். கண் விழித்துப் பார்த்தால் பஸ் ஷெட்டில் இருக்கிறேன், பக்கத்தில் ஒருவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஆறு டம்ளர் காபி குடித்தும் ஷெட் வரைக்கும் தூங்கினவள் என்று கேன்டீனில் ரொம்ப நாள் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு அது உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வேறு எதற்கும் என்னை யாரும் காட்டினதில்லை.

அறுபது தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது. சாயங்காலம் ஒரு டம்ளர் உள்ளே போனால் ராத்திரி முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதாயிற்று. அப்புறம் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அது அடித்த அடியில் நான் போகப்போகிறேன் என்றே முடிவு செய்து, பீரோ சாவி எந்த டப்பாவில் இருக்கிறது, ஊறுகாயை எப்போது வெயிலில் வைக்க வேண்டும் என்றெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லி முடித்துவிட்டேன். அவர் என்னை மொபெட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா நெஞ்சில் ஒயர் எல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் இன்னா சாப்ட்டீங்க?” என்றார்.

“ரெண்டு டம்ளர் காபி.”

“நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா. காபிதான் ஒத்துக்கல. வயசானா அது ஒடம்பவுட்டு சீக்கிரம் எறங்காது. காலையில அரை டம்ளர், அத்தோட நிறுத்திக்குங்க.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. சாவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தவளுக்கு வியாதியின் பெயராவது ஒன்று கிடைத்திருக்கலாம். என் வீட்டுக்காரருக்குச் சுகர் இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, ஊரில் மதிப்பு இருக்கிறது. எனக்கு வந்தது காபி ஒத்துக்கொள்ளாமை. அதை வெளியே சொன்னால் யாரும் உச்சுக்கொட்டக்கூட மாட்டார்கள்.

டாக்டரம்மா அரை டம்ளர் என்றாரே தவிர எந்த டம்ளர் என்று சொல்லவில்லை. நான் வாலாஜாபாத் கடையில் மோர் குடிக்கிற பெரிய டம்ளராகப் பார்த்து வாங்கி வந்து அதில் அரை ஊற்றிக்கொண்டேன். உடம்பு ஏமாறவில்லை. சுக்கு மல்லிக் காபியும் போட்டுப் பார்த்தேன். அதற்குக் காபி என்று பெயர் வைத்தவர் காபியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் பழைய சின்ன டம்ளருக்கே வந்து சேர்ந்தேன். விடியற்காலை அரை டம்ளர். மீதி நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

இந்த நிலைமையில்தான் என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவன் கார் கம்பெனியில் இருக்கிறான். முப்பத்திநாலு வயது வரைக்கும் பெண் அமையாமல் தள்ளிப்போய், நாங்கள் பாதி நம்பிக்கை இழந்த பிறகு அமைந்தது. புடவை, சத்திரம், சாப்பாடு எதைப்பற்றியும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “பெரியம்மா வந்தா போதும்மா.”

பெரியம்மா என்பது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. இவனைப் பெற்றுப்போட்டுவிட்டு நான் மூன்று மாதம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, தன் குழந்தைக்குக் கொடுத்த பாலை இவனுக்கும் கொடுத்தவர் அவர்தான். அவரோடு நான் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணத்தைச் சொல்லக் கூசுகிறது. வாலாஜாபாத் பக்கத்தில் அவர்கள் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி போயிற்று. எனக்கு வந்தது காகிதக் கப்பில். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அம்மாவுக்குக்கூட டம்ளர். நான் அந்தக் கப்பை அப்படியே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எங்களில் கொடுத்த காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனால், இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதால் என்னைப் போன்றவளுக்கு ரொம்ப வசதியான சண்டை. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் தாங்கின காலத்தில் ஒரு காகிதக் கப்பைத் தாங்க எனக்குப் பலம் இல்லாமல் போயிற்று.

இதில் ஆண்கள் இரண்டு பேரும் சண்டைக்கே வரவில்லை. பன்னிரண்டு வருஷமும் வாராவாரம் வாலாஜாபாத் ரோட்டு டீக்கடையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து வடை தின்றிருக்கிறார்கள். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பத்திரிகை வைக்க எங்கள் பக்கத்தில் இப்போது நல்ல நேரம் மட்டும் பார்த்தால் போதாது, ஷிப்டும் பார்க்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற நேரத்தில் நாங்களும் ஜோடியாகப் போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைத்ததாகும். நைட் ஷிப்ட் போனவரைத் தூங்குவதற்குள் பிடிக்க வேண்டும், இரண்டாம் ஷிப்ட்காரரைக் கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு தாளில் எட்டு வீடுகளை நேரத்தோடு எழுதினார். எட்டாவதாக, சாயங்காலம் ஐந்து மணிக்கு, தன் அண்ணன் வீட்டை எழுதினார்.

“பெரியவங்க வூடு மொதல்ல வர வாணாமா?” என்றேன்.

“அண்ணி ஹாஸ்டல் சமையல முடிச்சிகினு வூட்டுக்கு வர்றதே நாலுக்கு மேலதான். வேற நேரம் போனா பூட்டுதான் கீது. அதுவுமில்லாம, அங்க சண்ட ஆயிட்டா நேரா வூட்டுக்கு வந்துடலாம் பாரு.”

முதல் வீடு நாத்தனார் மகள் வீடு. காலை ஏழு மணி. அவள் புருஷன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் எங்களுக்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக் காபி எனக்குச் சம்மதமானதுதான். அதற்காகவே என்னுடைய விடியற்காலை அரை டம்ளரைக் குடிக்காமல் புத்திசாலித்தனமாக மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். ஆனால் என் வீட்டுக்காரருக்கும் ஒரு டம்ளர் வந்தது. அவர் கையை விரித்தார்.

“எனுக்கு சுகரும்மா. அத்தைக்குக் குடு. அவ காபின்னா வுடமாட்டா.”

“அப்டியா? குடிங்கத்த” என்று இரண்டாவது டம்ளரும் என் முன்னால் வந்து நின்றது. அவருக்குச் சுகர், எனக்கு இரண்டு டம்ளர். இப்படித் தொடங்கியது அந்த நாள்.

மொபெட்டில் ஏறும்போது, “இனிமே உங்குளுத என் தலையில கட்டாதீங்க” என்று அவர் முதுகிடம் சொன்னேன். கன்டெய்னர் லாரி போன சத்தத்தில் முதுகுக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது என் தம்பி வீடு. “அண்ணி, பாலு இப்பதான் கறந்தது” என்று தம்பி மனைவி நுரையோடு கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது வீட்டில் காலைப் பலகாரத்தோடு காபி. நாலாவது வீட்டில், நாங்கள் வருவதற்குள் போட்டு வைத்துச் சூடு பண்ணிக்கொண்டே இருந்த காபி. டம்ளரைக் கையில் வாங்கியதுமே எனக்குக் கண்ணைக் கட்டியது. ஒரு வாய் குடித்துவிட்டுப் பேச்சில் மறந்ததுபோல வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அந்த வீட்டுக் கிழவர் அதற்கென்றே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறிப் போவுதும்மா, குடி” என்று அவர் ஒவ்வொரு தடவை சொன்னதற்கும் ஒரு வாய் குடித்து, கடைசியில் டம்ளர் காலியாயிற்று.

ஐந்தாவது வீடு சுங்குவார்சத்திரத்தில், என் அக்காள் மகன் வாடகைக்கு இருக்கிற மாடி அறை. அவன் மனைவி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இங்கே கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள், இவனோடு ஒரே லைனில் வேலை செய்து, கட்டிக்கொண்டாள். நல்ல பெண். “இரிங்க அத்தை, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுத்தான் போணும்” என்று புதுசாக டிகாஷன் இறக்கினாள். அதன் மணம் படி இறங்கித் தெரு வரைக்கும் போயிருக்கும். குடித்தேன். குடித்தபின் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, பேச ஆரம்பித்தேன்.

வாயே இல்லாதவள் என்றேனே, அந்த வாய் அன்றைக்குத் திறந்துகொண்டது. நீ எந்த லைனில் இருக்கிறாய், ஓவர்டைம் உண்டா, ஹாஸ்டல் சாப்பாட்டில் உப்பு இருக்குமா, உங்கள் ஊரில் மழை பெய்ததா, உன் அம்மா இந்தக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் அழுதாள் என்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே போகிறேன். அவள் ஒன்றுக்குப் பதில் சொல்வதற்குள் நான் அடுத்ததில் இருக்கிறேன். என் காலைப் பார்த்தால் அது தானாகத் தாளம் போடுகிறது. என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்தில் அவர் என் வாயிலிருந்து கேட்டதைவிட அந்தப் பெண் பத்து நிமிஷத்தில் அதிகம் கேட்டுவிட்டாள்.

“அத்தைக்கு வாயே கெடையாதுன்னு இவுக சொன்னாகளே” என்று அவள் தன் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

கீழே வந்ததும் அவர், “இன்னாடி, ஸ்பீக்கர முழுங்கனா மாதிரி பேசுற?” என்றார். எனக்கோ நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது. கையை நீட்டிப் பார்த்தேன், விரல் ஆடியது. இன்னும் மூன்று வீடு பாக்கி. கடைசி வீட்டில் மட்டும் எப்படியும் குடித்தாக வேண்டும். அங்கே ஒரு சொட்டு மிச்சம் வைத்தாலும் என் மகன் கேட்டது நடக்காது. ஆகவே நடுவில் இருக்கிற இரண்டு வீட்டுக் காபியிலிருந்து தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆறாவது வீடு என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் வீடு. வாசலிலேயே ஆண்கள் மொபெட்டின் செயினைப் பார்க்கக் குனிந்துவிட்டார்கள். நான் தனியாக உள்ளே போனேன். அவன் மனைவி டம்ளரோடு வந்தாள். நான் என் வாழ்நாளில் முதல்முறையாக வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னேன்.

“எனுக்கு சுகரும்மா.”

சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் வாடியதைப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து காபி ஆகாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்காத உலகம், சுகர் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டது. “யக்கா, உனுக்குமா? இன்னா கா, எங்ககிட்ட சொல்லவே இல்ல” என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜெயித்துவிட்டேன் என்று கால் நீட்டி உட்கார்ந்தேன். அவள் திரும்பி வந்தாள்.

“சக்கர போடாம, டிகாஷன் தூக்கலா வேற போட்டுக்கீறேன். கசக்கும், பரவால்ல, குடிக்கா.”

குடித்தேன். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போனை எடுத்து யாரிடமோ, “தெரியுமா, ஒரகடத்து அக்காவுக்கு சுகர் வந்துடுச்சாம்” என்று பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கம்பெனி வேலை கிடையாது. இந்த வேலையைத்தான் எந்த ஷிப்ட் என்று பார்க்காமல் செய்கிறாள்.

ஏழாவதான என் தங்கை மகன் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் என் சுகர் போய்ச் சேர்ந்துவிட்டது. “வா பெரிம்மா, எத்தினி நாளா சுகரு? சாப்டறதுக்கு முன்னால எவ்ளோ கீது?” என்று வாசலிலேயே கேட்டார்கள். உள்ளே சர்க்கரை இல்லாத காபி தயாராக இருந்தது. வெந்தயத்தை எப்படி ஊறவைப்பது, பாகற்காயை எப்படிப் பிழிவது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் மொபெட்டைக் கிளப்பாமல் நின்றார்.

“எனுக்கு சுகர் வந்தப்ப ஊருக்கே சொன்னேன். நீ எங்கிட்டகூட சொல்லல இல்ல?”

நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. மனசு பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் புரியாமல் நின்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வாலாஜாபாத் ரோடு முழுக்கச் சிரித்தார். மொபெட் ஆடிய ஆட்டத்தில், சுகரால் சாகாமல் லாரியில் சாகப்போகிறேன் என்று தட்டுப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு எட்டாவது வீட்டு கேட்டைத் திறந்தோம். ஓரகத்தி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஹாஸ்டலில் சமைத்துவிட்டு வந்த புடவையை இன்னும் மாற்றவில்லை. தலை நன்றாக வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்து, “வாங்க” என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

“உனுக்கு சுகராமே?”

அக்கறையாகக் கேட்டாரா, நன்றாக வேண்டும் என்று கேட்டாரா, எனக்குப் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

உள்ளே அவர் புருஷன், என் மச்சாண்டார், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்தார். தட்டை வைத்து, குங்குமம் இட்டு, பத்திரிகை கொடுத்தோம். ஓரகத்தி வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பிரிட்ஜ் மேல் வைத்தார். சமையல்கட்டுக்குப் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. நான் நெஞ்சில் கையை வைத்துத் தயாரானேன். எவ்வளவு பெரிய டம்ளராக இருந்தாலும் அடிவரைக்கும் குடிப்பது, குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டக்கூடத் தயார் என்று முடிவோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கொண்டுவந்து வைத்தது மோர்.

“சுகர்காரங்களுக்குக் காபி இன்னாத்துக்கு. மோரே குடிங்க ரெண்டு பேரும்.”

இஞ்சி தட்டிப் போட்ட, உப்பு சரியாக இருந்த மோர். காலையிலிருந்து என் உடம்பு கேட்டது அதைத்தான். ஒரு வாய் உள்ளே போனதும் வயிறு கும்பிடுவதுபோல இருந்தது. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நான் வைத்துவிட்டுப் போனது மோர் இல்லை. இந்த வீட்டில் மோரைக் குடித்துவிட்டுப் போனால் வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள் என்றுதான் ஆகும்.

“அண்ணி, நீங்க கண்டிப்பா வரணும். அவன் உங்களத்தான் கேட்டுகினே கீறான்” என்றார் என் வீட்டுக்காரர்.

“பாக்கலாம். ஹாஸ்டல்ல லீவு குடுக்கணுமே” என்றார் ஓரகத்தி.

எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எழுந்தோம். வாசலுக்கு வந்து ஒரு காலில் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். என் மகன் ஒரே ஒரு விஷயம் கேட்டான், அதை நான் சொன்ன பொய்யே தட்டிவிட்டது என்று நினைத்ததும் இன்னொரு காலுக்குச் செருப்பு ஏறவில்லை. அப்படியே திரும்பினேன். யார் வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்திராதவள் கேட்டேன்.

“அக்கா, எனுக்குக் காபி வேணும்.”

“சுகர் கீதுன்ற?”

“சுகரெல்லாம் இல்லக்கா. பொய் சொன்னேன். காலையிலேர்ந்து ஏழு வூட்ல காபி. இவுரு பங்கையும் நானே குடிச்சேன். இப்பல்லாம் எனுக்குத் தாங்கறதில்லக்கா, அதான் பொய் சொன்னேன்.”

“தாங்கலன்னா அப்பறம் எட்டாவது இன்னாத்துக்குடி?”

“அதெல்லாம் அவங்க குடுத்தாங்கன்னு குடிச்சது. இது நான் குடிக்கணும்னு வந்தது.”

என் நாக்கில் இருந்தது ஏழு வீட்டுக் காபியா நானா என்று எனக்கே தெரியாது. ஓரகத்தி ஒரே மூச்சில் கொட்டினார்.

“அன்னிக்கி டம்ளர் பத்தலடி. பக்கத்து வூட்ல கேட்டு வாங்கியும் பத்தல. வந்தவங்களுக்குக் காய்தத்துல குடுக்க முடியுமா? நம்ப வூட்டுக்காரிக்கு எதுல குடுத்தா இன்னான்னு உனுக்குக் குடுத்தேன். நீ இன்னாடான்னா வந்தவங்களுக்கு மேல வந்தவளா எழுந்து போயிட்ட.”

பன்னிரண்டு வருஷம் நான் என்னைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த மரியாதை எல்லாம் ஒற்றைச் செருப்போடு அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தது. “தப்புதான்க்கா” என்றேன்.

“செருப்பக் கழட்டிட்டு வந்து குந்து.”

சமையல்கட்டிலேயே தரையில் உட்கார்ந்தேன். அவர் பாலைப் பொங்கவிட்டு, என் பக்கம் திரும்பாமலே காபி கலந்து நீட்டினார். வாங்கும்போது என் கை நடுங்கிப் புடவையில் சிந்தியது.

“இன்னாடி கை இப்டி ஆடுது?”

“சொன்னேனேக்கா.”

“செத்துகித்து வெக்காத என் வூட்ல. இங்க குடு.” டம்ளரைப் பிடுங்கி, பாதிக்கு மேல் தன்னுடைய டம்ளரில் ஊற்றிக்கொண்டார். அவரும் எதிரே உட்கார்ந்தார். “எனுக்கு மட்டும் தாங்குதா? ஹாஸ்டல் பொண்ணுங்களுக்குத் தெனம் அவ்ளோ பெரிய குண்டான் நெறையக் காபி போடுறேன். மோந்து பாக்கறதோட சரி. சாயங்காலம் ஒரு வாய் குடிச்சா காலு ரெண்டும் ராத்திரியெல்லாம் நடந்துகினே கீது.”

“அப்பறம் ஏங்க்கா குடிக்கிற?”

“நீ குடிக்கும்போது நான் பாத்துகினு குந்தியிருக்கவா?”

குடித்தோம். நான் அடிவரைக்கும் குடித்தேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று அவர் அப்போதும் சொல்லவில்லை. மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேசுகிற மருந்தெல்லாம் அந்த வாசலிலேயே தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஒன்றும் முடிவாகாமல் வீட்டுக்கு வந்தோம். “வருவாங்களாம்மா?” என்று மகன் கேட்டான். “காபி குடிச்சோம்” என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்கவே வேண்டாம்.

காலை ஐந்து மணிகூட ஆகவில்லை, போன் அடித்தது. எடுத்தால் ஓரகத்தி.

“தூங்கினியாடி?”

“இல்லக்கா.”

“நானும்தான். உன் பேச்ச கேட்டுப் பாதி டம்ளர் குடிச்சேன் பாரு. தூக்கம் இல்லாம இன்னா பண்றதுன்னு பத்திரிகைய எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சிகினு கெடந்தேன். அன்புடன் அழைக்கும்னு போட்டு அதுல எங்க பேர மொதல்ல போட்டுக்கீற. என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

அது என் வீட்டுக்காரர் செய்த வேலை. எனக்குத் தெரியவே தெரியாது. நான் பத்திரிகையில் படம் நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

“கேக்கலக்கா” என்றேன்.

“அழைக்கிறவ வாசல்ல நிக்க வாணாமா? மொத நாளே வந்துடறேன். உனுக்கு நாலு பேரப் பாத்து வாங்கன்னு சொல்ல வருமா, சந்தனம் கரைக்க வருமா? ஒண்ணும் வராது. மாப்புள கிட்ட சொல்லு” என்று போனை வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை முதல் ஷிப்டுக்குக் கிளம்பி ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். “பெரிம்மா மொத நாளே வராங்களாம்” என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எழுந்து ஓடினான். பாதித் தெருவில் நின்று, ஐடி கார்டை எடுக்காமல் போனது ஞாபகம் வந்து மறுபடி ஓடிவந்தான். கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, “நெஜமாவாம்மா?” என்றான்.

பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை. நான் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் போனான்.